திருவிழா மேடைக்கு லேப்டாப்பா, அரேஞ்சர் கீபோர்டா?

ஆடி மாதம் நெருங்கினாலே மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துப் பையன்களிடமிருந்து இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, வீட்டில் லேப்டாப் சும்மா கிடக்கு, அதில் அரேஞ்சர் சாஃப்ட்வேர் போட்டு ஒரு மிடி கீபோர்டு மட்டும் வாங்கிக்கிட்டா போதாதா, எதுக்கு அவ்வளவு பணம் கொட்டி அரேஞ்சர் கீபோர்டே வாங்கணும்?" நியாயமான கேள்விதான். ஓரளவு நல்ல அரேஞ்சர் கீபோர்டைப் புதிதாக வாங்கினால் ஒரு பழைய கஞ்சில் காரின் விலை வந்துவிடுகிறது, செம்பனை (எண்ணெய்ப் பனை) லாரி ஓட்டிக்கொண்டோ தொழிற்சாலை ஷிப்ட் பார்த்துக்கொண்டோ வார இறுதியில் மட்டும் வாசிக்கிற பையன் யோசிக்கத்தான் செய்வான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் வாசிப்பதென்றால் அரேஞ்சர் கீபோர்டு, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. லேப்டாப்பையும் தூக்கிப் போட வேண்டாம், அதற்கு வீட்டில் வேறு முக்கியமான வேலை இருக்கிறது. சத்தம் எதில் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து நான் இதைச் சொல்லவில்லை, சத்தத்தை மட்டும் பார்த்தால் லேப்டாப்தான் ஜெயிக்கும். மேடையில் நமக்கு இருப்பது இரண்டு கை. அந்த இரண்டு கையும் கண்ணும் எங்கே இருக்கும் என்பதுதான் விஷயம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இடது கையால் கார்டு பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஸ்டிரிங்ஸ் எல்லாம் அந்தக் கார்டுக்கேற்பத் தானே வாசிக்கும், வலது கையால் நாம் பாட்டை வாசிக்கலாம், அதுதான் அரேஞ்சர். அது வாசிக்கும் தாளமும் பின்னணியும் சேர்ந்த ஒவ்வொரு வகைக்கும் ஸ்டைல் என்று பெயர். மிடி கீபோர்டு தானாகச் சத்தம் போடாது, எந்தக் கட்டையை அழுத்தினோம் என்பதை மட்டும் கணினிக்குச் சொல்லும். நம் பக்கத்து மேடைகளில் அதிகம் கண்ணில் படுவது யமஹாவின் பிஎஸ்ஆர் வரிசையும் கோர்க்கின் பிஏ வரிசையும்தான், அதனால் நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே இருக்கும். கணினிப் பக்கம் விஅரேஞ்சர், ஒன் மேன் பேண்ட், கிக்லாட் என்று சில இருக்கின்றன, இவை யமஹா ஸ்டைல் கோப்புகளைப் படித்து அதே வேலையைக் கணினியில் செய்கின்றன. பேண்ட்-இன்-எ-பாக்ஸையும் இதே கூட்டத்தில் சேர்த்துப் பேசுகிறார்கள், அது வேறு ரகம். கார்டுகளை முன்கூட்டியே எழுதி வைத்துப் பின்னணி இசை தயாரிக்கிற நிரல் அது. இலவசமாகக் கிடைக்கும் ஜேஜாஸ்லேபும் அப்படித்தான். வீட்டில் பாடிப் பழக அருமையாக உதவும், பாடுகிறவர் வரி மாறினால் கூடவே ஓட அதனால் முடியாது.

இங்கே மேடை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முன்பு தோட்டத்துத் திருவிழா என்றால் முழு இசைக்குழு வரும். டிரம்ஸ், தபேலா, பேஸ் கிட்டார், இரண்டு கீபோர்டு, ஆக்டோபேட் எல்லாம் இருக்கும். இப்போது தோட்டத்தில் ஆளே குறைந்துபோய் பாதிப் பேர் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்டார்கள், கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் அங்கேயே இருக்கிறது, வருடத்துக்கு ஒரு முறை எல்லாரும் அங்கே கூடுகிறார்கள். இசைக்குழுவுக்குக் கொடுக்கக் கமிட்டியிடம் பணம் இல்லை. ஒரு கீபோர்டுக்காரர், நாலைந்து பாடகர்கள், இரண்டு ஸ்பீக்கர், அவ்வளவுதான். அப்புறம் 21-ஆவது பிறந்தநாள், சடங்கு, கல்யாண வரவேற்பு, தீபாவளி உபசரிப்பு. இவற்றில் பாதியைக் கரோக்கே பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்றால் ஒரே காரணம், கரோக்கே யாருக்காகவும் காத்திருக்காது, நாம் காத்திருப்போம்.

பாடகர் பல்லவியை இரண்டு முறை பாடுவார் என்று நினைத்துக்கொண்டிருப்போம், அவர் மூன்றாவது முறையும் எடுப்பார், ஏனென்றால் முன்வரிசையில் அவருடைய மாமா எழுந்து ஆடிக்கொண்டிருப்பார். சரணத்துக்கு முந்தைய இசையை அப்படியே விட்டுவிட்டு நேராகச் சரணத்துக்குள் குதிக்கிறவர்களும் உண்டு. "தம்பி, கொஞ்சம் இறக்கு, ஐந்தரைக் கட்டை எட்டல" என்று ஒரு அக்கா பாட்டுத் தொடங்கப் போகிற நேரத்தில் மைக்கை மூடிக்கொண்டு சொல்வார். அரேஞ்சர் கீபோர்டில் இதற்கெல்லாம் தனித்தனிப் பொத்தான் இருக்கிறது. ஃபில்-இன் (நடுவில் விழும் தாள உருட்டல்) ஒரு பொத்தான், மெயின் ஏ-யிலிருந்து டி வரைக்கும் (பின்னணி எளிமையிலிருந்து நிறைவாக ஏறும் நிலைகள்) நாலு பொத்தான், முடிவு ஒரு பொத்தான், டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்க) இரண்டு பொத்தான். கொஞ்ச நாள் பழகினால் விரல் தானாகப் போகும், கண் பாடகரின் முகத்திலேயே இருக்கும். அவர் மூச்சு இழுப்பதைப் பார்த்தே அடுத்த வரி வருகிறதா, நிறுத்தப் போகிறாரா என்று தெரிந்துவிடும்.

லேப்டாப்பில் இதே வசதிகள் எல்லாம் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. மிடி கீபோர்டில் விரலால் தட்டுவதற்கு இருக்கிற பேடுகளுக்கு ஃபில்-இன்னையும் முடிவையும் ஒதுக்கிக்கொள்ளலாம், கால் பெடலுக்கு ஒதுக்கலாம், தொடுதிரை இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் நீங்கள் ஒதுக்கியதுதான் இருக்கும், ஒதுக்க மறந்ததற்கு மவுஸைப் பிடிக்க வேண்டும். திருவிழா இரவில் வியர்வைக் கையோடு, கோயில் வாசல் டியூப் லைட்டைச் சுற்றும் பூச்சியெல்லாம் திரையில் வந்து உட்கார, டச்பேடில் சின்ன அம்புக்குறியை நகர்த்தி டிரான்ஸ்போஸ் எண்ணை மாற்றிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். அந்த நேரத்தில் இடது கை கார்டிலிருந்து எடுபட்டுவிடும், அல்லது வலது கை பாட்டிலிருந்து எடுபட்டுவிடும். மூன்றாவது கை வேண்டும். நான் பார்த்த வரைக்கும் லேப்டாப்பை மேடையில் நன்றாகக் கையாளுகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே அரேஞ்சர் கீபோர்டில் நன்றாகப் பழகி, அதே பொத்தான் வரிசையை அப்படியே பேடில் அமைத்துக்கொண்டவர்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் மேடையில் பாடகரைப் பார்ப்பதே இல்லை, திரையைத்தான் பார்க்கிறார்கள்.

தாமதத்தைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள், அது உண்மையில் தீர்க்கக்கூடிய பிரச்சினை. விண்டோஸோடு கூடவே வரும் சாதாரண ஒலிப்பானை வைத்து வாசித்தால் விரல் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வரும், அதில் வாசிக்கவே முடியாது. ஆனால் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் (கணினியிலிருந்து ஒலியை வெளியே எடுக்கும் பெட்டி) தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரும் இருந்தால் கதை வேறு. நொடிக்கு 44,100 சாம்பிளில் பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் தொகுதி) 256 சாம்பிள் என்று வைத்தால் ஏறக்குறைய 6 மில்லி வினாடி, அதாவது ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று கேட்கிற அளவுக்குத்தான் தாமதம். இன்டர்ஃபேஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும், அப்போதும் கை அதை உணராது. 1024 என்று வைத்தால் 23 மில்லி வினாடி ஆகிவிடும், வேகமான குத்துப் பாட்டில் அது நன்றாகவே தெரியும். பஃபரை ரொம்பக் குறைத்தால் லேப்டாப் திணறி, படபடவென்று சத்தம் வெடிக்கும். உங்கள் லேப்டாப்புக்கு எது சரி என்று வீட்டிலேயே, எல்லாச் சத்தங்களையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை இரைச்சல். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, அதே மேடையில் இருக்கும் மிக்சருக்கும் வயர் கொடுத்தால், சில இடங்களில் 'ஙீ' என்று ஒரு சத்தம் ஸ்பீக்கரில் வந்துகொண்டே இருக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவதால் வருவது அது. நடுவில் டிஐ பாக்ஸ் (கருவிக்கும் மிக்சருக்கும் இடையில் வைக்கும் சின்னப் பெட்டி) ஒன்றை வைத்து அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் இங்கே வாடகைக்கு வரும் ஸ்பீக்கர்காரர்கள் எல்லாரிடமும் டிஐ பாக்ஸ் இருக்காது, நீங்களே ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சார்ஜர் பிளக்கில் எர்த் முள்ளை எடுத்துவிடச் சொல்கிற மேதைகளும் உண்டு. மழை ஈரத்தில், தகரக் கொட்டகையின் கீழே, ஜெனரேட்டர் கரண்டில் அப்படிச் செய்வது உயிரோடு விளையாடுவது. செய்யாதீர்கள்.

மின்சாரம் என்று வரும்போது லேப்டாப்புக்கு ஒரு பெரிய நன்மை இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். தோட்டக் கோயிலில் பெரும்பாலும் ஜெனரேட்டர்தான். அன்னதானப் பக்கம் யாராவது தண்ணீர் மோட்டாரையோ பெரிய கெட்டிலையோ போட்டால் மேடை விளக்கு ஒரு நொடி மங்கும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, அது பாட்டுக்கு ஓடும். அரேஞ்சர் கீபோர்டு அணைந்து மறுபடி முதலிலிருந்து எழுந்து வரும், பெரிய மாடல்கள் எழுந்துவர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மைக் பிடித்தவர் நாலு ஜோக் சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கும். இதற்குக் கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கிற சின்ன யூபிஎஸ் ஒன்று போதும், கீபோர்டு இழுக்கும் கரண்டு கொஞ்சம்தான். நான் ஸ்டாண்டின் அடியிலேயே ஒன்றை வைத்திருக்கிறேன், சாயங்கால இடி மழைக்கும் அதுதான் துணை.

சரி, சத்தத்துக்கு வருவோம். லேப்டாப்பில் ஒரு வயலின் தொகுப்பு மட்டுமே பல ஜிகாபைட் இருக்கும், புல்லாங்குழலில் காற்று ஊதுவது வரைக்கும் கேட்கும். கீபோர்டில் நாமாகக் கூடுதல் ஒலிகள் ஏற்றிக்கொள்ள, பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900-இல் இடம் 1 ஜிகாபைட், எஸ்எக்ஸ்700-இல் 400 மெகாபைட், அவ்வளவுதான். காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் ஸ்டைலை ஓடவிட்டதும் நிலைமை தலைகீழாகிவிடுவது ஏன் என்று பல பேருக்குப் புரிவதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யமஹா ஸ்டைல் கோப்பு என்பது உள்ளே திறந்து பார்த்தால் ஒரு மிடி கோப்புதான். 9-லிருந்து 16 வரைக்கும் எட்டுச் சானல், முதல் இரண்டும் தாளம், 11 பேஸ், மற்றவை கார்டு, பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி), ஃபிரேஸ் (குட்டி இசை வரி). நடுவில் குறிகள் போட்டு இது இன்ட்ரோ, இது மெயின் ஏ, இது ஃபில்-இன் என்று பிரித்திருப்பார்கள். கடைசியில் காசம் (CASM) என்று ஒரு பகுதி, வழக்கமாக சி மேஜர் 7-இல் வாசித்துப் பதிந்த அந்த இசையை, நீங்கள் ஏ மைனர் பிடித்தால் எந்தச் சுரத்தை எங்கே நகர்த்த வேண்டும் என்று சொல்லும் விதிகள் அதில்தான் இருக்கின்றன. இவ்வளவையும் எந்தச் சாஃப்ட்வேரும் படித்துவிடும். சிக்கல் எங்கே என்றால், புதிய ஸ்டைல்களில் கிட்டாரும் பேஸும் மெகாவாய்ஸ் என்ற தனி ரக ஒலிகளுக்காக எழுதப்பட்டவை. அந்த ஒலியில் மெதுவாக அடித்தால் ஒரு சத்தம், கொஞ்சம் அழுத்தினால் கம்பியை மூடிப்பிடித்த சத்தம், இன்னும் அழுத்தினால் விரல் இழுபடும் சத்தம் என்று ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொன்று வைத்திருப்பார்கள், கம்பியில் கை உரசும் ஓசைகூட மேலே எங்கோ ஒரு சுரத்தில் ஒளிந்திருக்கும். இதையே உங்கள் லேப்டாப்பில் இருக்கும் அருமையான கிட்டார் ஒலிக்கு அனுப்பினால், உரச வேண்டிய இடத்தில் உச்சஸ்தாயியில் 'டிங் டிங்' என்று கேட்கும், மூடிப்பிடிக்க வேண்டிய இடம் உரக்கப் போய் அடிக்கும். ஒவ்வொரு ஸ்டைலாக உட்கார்ந்து சரி செய்யலாம். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து செய்கிற வேலை இல்லை அது.

பென்டிரைவில் ஆயிரக்கணக்கில் ஸ்டைல் விற்கிறார்களே, அதுவும் இதே கதைதான். எந்த மாடலுக்காக எழுதியது என்றே தெரியாது, ஒன்று கத்தும், ஒன்று முனகும், பாதி ஒரே தாளத்துக்கு வேறு வேறு பெயர். அதில் உருப்படியாகத் தேறுவது கொஞ்சம்தான். நாமே நாலைந்து நல்ல ஸ்டைல் செய்துகொள்வது மேல்.

நம் பாட்டுகளுக்கு அதைத் தவிர வேறு வழியும் இல்லை. கீபோர்டோடு வரும் நூற்றுக்கணக்கான ஸ்டைல்களில் பாலாட், பாசா நோவா, போல்கா எல்லாம் வகை வகையாக இருக்கும், அம்மன் பாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்று தேடினால் கிடைக்காது. இந்தியச் சந்தைக்காக யமஹா போடும் பிஎஸ்ஆர்-ஐ500 மாதிரி கீபோர்டுகளில் தபேலாவும் இந்தியத் தாளங்களும் இருக்கின்றன, பஜனைக்குப் போதும், விலையும் குறைவு, ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் அது அடிப்படை வகை, பெரிய மாடல்களைப் போல மெயினில் நாலு நிலை இருக்காது. உறுமி மேளம் கேட்டு வளர்ந்த கூட்டத்தை அதை வைத்துக்கொண்டு எழுப்பி ஆடவிடுவதும் கஷ்டம்.

லேப்டாப்புக்கு வீட்டில் முக்கியமான வேலை இருக்கிறது என்றேனே, அது இதுதான். எஸ்எக்ஸ் வரிசைக்கும் அதைவிடப் பெரிய ஜெனோஸுக்கும் எக்ஸ்பேன்ஷன் மேனேஜர் என்று ஒரு இலவச நிரல் யமஹா கொடுக்கிறது. நாமே பதிவு செய்த சத்தத்தை அதில் போட்டு, டிரம் கிட்டாக அடுக்கி, கீபோர்டில் ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் தாமானில் உறுமி அடிக்கிற தம்பி ஒருவன் வீட்டு முன்கூடத்தில் வைத்துத்தான் பதிவு செய்தோம், மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் போய் முடியும் வரை காத்திருந்து காத்திருந்து. உறுமியில் அடிக்கிற பக்கம் சுலபம், நாலைந்து விதமான அடியை எடுத்தால் போதும். உரசுகிற பக்கம்தான் வேலை வைக்கும். வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி இழுக்கும்போது 'ம்ம்ம்' என்று கீழிருந்து எழுந்து வரும் அந்த முனகல் ஒவ்வொரு முறையும் ஒரு நீளத்தில், ஒரு உயரத்தில் வரும். ஒன்றையே எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் நாலாவது தடவையே பொம்மைச் சத்தம் மாதிரி ஆகிவிடும். அதனால் குட்டையாகச் சில, நடுத்தரமாகச் சில, நீளமாகச் சில என்று எடுத்துப் பக்கத்துப் பக்கத்துக் கட்டையில் வைத்து, ஸ்டைலில் மாறி மாறி வரும்படி எழுதினேன். வேகத்தைக் கூட்டினால் நீளமான உரசல் அடுத்த அடியின் மேலே ஏறிக்கொள்கிறது, அதற்காக வேகமான பாட்டுக்குக் குட்டை உரசல் மட்டும் வைத்துத் தனி ஸ்டைல். இதையெல்லாம் கீபோர்டின் சின்னத் திரையில் செய்தால் கண் போய்விடும். லேப்டாப்பில் ரீப்பரோ கியூபேஸோ, இசை பதிவு செய்யும் நிரல் எது இருக்கிறதோ அதில் தாளத்தை எழுதி, குறிகளைப் போட்டு, காசம் திருத்துவதற்கென்று கிடைக்கும் சின்ன இலவச நிரல்களில் ஒன்றில் முடித்து, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய்க் கீபோர்டில் போட்டால் ஆயிற்று. திஸ்ர நடைப் பாட்டுகளை 6/8 என்று எழுதாமல் 4/4-இல் அடிக்கு மூன்றாகப் பிரித்து எழுதுங்கள், ஃபில்-இன் விழுகிற இடம் அப்போதுதான் நம் காதுக்குச் சரியாக வருகிறது.

இன்னொன்று, பல பேர் கவனிக்காதது. நாட்டுப்புறப் பாட்டிலும் அம்மன் பாட்டிலும் மேஜரும் மைனரும் பல இடத்தில் ஒட்டவே ஒட்டாது. சி மேஜர் பிடித்தால் மெஷின் அந்தர காந்தாரத்தைச் சேர்த்து வாசிக்கும், பாட்டில் வருவது அதைவிடத் தாழ்ந்த சாதாரண காந்தாரமாக இருக்கும், இரண்டும் மோதும். இதற்கு யமஹாவில் வழி இருக்கிறது, ஸவும் பவும் மட்டும் பிடியுங்கள். 1+5 என்று ஒரு கார்டு வகையாகவே அது எடுத்துக்கொண்டு, நடுச்சுரம் இல்லாமல் வாசிக்கும். கீழ் ஸவும் மேல் ஸவும் மட்டும் பிடித்தால் 1+8, இன்னும் வெறுமையாக, சுருதிப் பெட்டி மாதிரி நிற்கும். கார்டு தெரியாத பையன் சும்மா மேஜரைப் பிடித்துக்கொண்டு அம்மன் பாட்டு வாசிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். சாஃப்ட்வேரிலும் இது வேலை செய்கிறதா என்று வாங்குவதற்கு முன் இலவசப் பதிப்பில் பிடித்துப் பாருங்கள்.

நிஜ உறுமி மேளக் குழுவோடு சேர்ந்து வாசிக்க நேர்ந்தால் இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம். மெஷின் ஒரே வேகத்தில் போகும், அவர்கள் ஆள் அருள் வந்து ஆட ஆட ஏற்றிக்கொண்டே போவார்கள். டாப் டெம்போவை (நாம் தட்டும் வேகத்தை மெஷின் பிடித்துக்கொள்ளும் பொத்தான்) தட்டித் தட்டிப் பின்னால் ஓடிப் பார்த்திருக்கிறேன், ஒட்டவே ஒட்டாது. ஸ்டைலை அணைத்துவிட்டு ஸ்டிரிங்ஸைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பணத்துக்கு வருவோம். "லேப்டாப் ஏற்கெனவே இருக்கு" என்பதில்தான் எல்லாரும் கணக்கை ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் 61 கட்டை மிடி கீபோர்டு, அதில் ஓரளவு நல்ல பேடுகளும் இருக்க வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸ். சாஃப்ட்வேர் உரிமம். நல்ல ஒலித் தொகுப்பு, இதுதான் சத்தமில்லாமல் பணத்தைத் தின்னும். டிஐ பாக்ஸ். லேப்டாப்பை நிறுத்த ஒரு ஸ்டாண்டு. பழைய லேப்டாப் திணறுகிறது என்று மெமரி கூட்டுவது, அப்புறம் லேப்டாப்பையே மாற்றுவது. கூட்டிப் பார்த்தால் ஈப்போவில் நடுத்தரமான பழைய அரேஞ்சர் ஒன்று வாங்கும் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விற்கப் போனால் இன்னும் மோசம், பழைய கீபோர்டுக்கு எப்போதும் ஆள் இருக்கிறது, நாலு வருட லேப்டாப்பை யாரும் கையால் தொடுவதில்லை. வீட்டில் தங்கச்சிக்குப் பள்ளிக்கூட வேலைக்கு அதே லேப்டாப் வேண்டும் என்ற சண்டையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தூக்கிக்கொண்டு போவதில் லேப்டாப் சுகம் என்பார்கள். எஸ்எக்ஸ்900 11.5 கிலோ, உண்மைதான், மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஆனால் லேப்டாப், கீபோர்டு, இன்டர்ஃபேஸ், ஸ்டாண்டு, நாலு வயர், சார்ஜர் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள், எடையைவிட அந்த வயர்களை இருட்டில் மாட்டிக் கழற்றுவதுதான் தொல்லை. சாமி ஊர்வலம் திரும்பி வருவதற்குள் மேடை தயாராக இருக்க வேண்டும் என்று கமிட்டித் தலைவர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு கரண்டு வயர், இரண்டு ஆடியோ வயர் என்று முடிந்துவிடுவதன் அருமை தெரியும்.

கையில் பணம் ரொம்பவும் குறைவு, லேப்டாப்தான் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு வழி உண்டு. யூஎஸ்பி அல்லது மிடி உள்ள ஒரு பழைய பிஎஸ்ஆரை மலிவாக வாங்கி லேப்டாப்போடு இணையுங்கள். எக்ஸ்ஜி (யமஹாவின் பொதுவான ஒலி வரிசை) ஒலிகள் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. சாஃப்ட்வேர் ஸ்டைலை ஓட்டட்டும், சத்தம் கீபோர்டிலிருந்தே வரட்டும். யமஹா ஸ்டைல் யமஹா ஒலியிலேயே வருவதால், முக்கியமாகப் பழைய ஸ்டைல்களுக்கு, திருத்த வேண்டிய வேலை குறையும். தனி இன்டர்ஃபேஸும் வேண்டாம், தாமதப் பிரச்சினையும் இல்லை. கீபோர்டில் லோக்கல் கன்ட்ரோலை (கட்டையை அழுத்தியதும் கீபோர்டே நேரடியாக ஒலிக்கும் அமைப்பு) மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரமும் இரண்டு தடவை ஒலித்துத் தடித்த சத்தமாக வரும், கீபோர்டு கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்.

மேடைக்கு லேப்டாப்தான் என்று முடிவே செய்துவிட்டால், அதை மேடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை அணைத்து, தானாக அப்டேட் ஆவதையும் தானாகத் தூங்கிப்போவதையும் நிறுத்தி, வாட்ஸ்அப்பை அதில் நிறுவவே நிறுவாமல். பக்திப் பாட்டுக்கு நடுவில் 'டிங்' என்று மெசேஜ் வந்த சத்தம் இரண்டு பெரிய ஸ்பீக்கரில் கேட்டால் பூசாரி முதற்கொண்டு திரும்பிப் பார்ப்பார்.

பழைய அரேஞ்சர் வாங்கப் போகிறவர்களுக்கு, நேரில் போய்ப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் அழுத்தமாகவும் அடித்துப் பாருங்கள், மெதுவாக அடித்தும் சில கட்டை மட்டும் கத்தினால் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறது, நம் ஊர் ஈரப்பதத்தில் இது சாதாரணம், மாற்றிவிடலாம், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டை விட்டதும் சரியாக நடுவுக்குத் திரும்புகிறதா என்று ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள், கமகத்துக்கு நமக்கு அதுதான் உயிர். உங்கள் பென்டிரைவைக் கையோடு கொண்டுபோய் அதிலிருந்து ஒரு ஸ்டைலைத் திறந்து பாருங்கள். பின்பக்கத் துளைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள், எறும்பு முட்டை இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். விலை படிந்தால் ஸ்டாண்டையும் பையையும் சேர்த்துக் கேளுங்கள், கீபோர்டை விற்ற பிறகு அவர்களுக்கும் அது வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டுதான் கிடக்கும்.